அரை அங்குலம்

1

ஒரு சனிக்கிழமை காலை நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கதை. வாயால் முடியாததைத் தாளில் செய்து பார்ப்பது என் பழைய வழக்கம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பாலா ஏரியின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்த அந்த வார இறுதியில், எங்கள் போர்வைச் சங்கத்துப் பெண்கள்…’

(அடித்துவிட்டேன். மழையின் மேல் பழி போடப் பார்க்கிறேன்.)

2

பதினெட்டுப் பேரும் வீட்டிலேயே ஆளுக்கு இரண்டு துணிச்சதுரம் தைத்துக்கொண்டு வரவேண்டும். ஏரிக்கரைக் கூடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து முப்பத்தாறையும் ஒரே போர்வையாக இணைக்க வேண்டும். இணைத்த பிறகு ஒவ்வொன்றும் பன்னிரண்டு அங்குலம். அப்படியென்றால், தையலுக்குள் போகும் கால் அங்குலத்தைச் சுற்றிலும் விட்டுப் பன்னிரண்டரையாக வெட்ட வேண்டும். சங்கத்தின் கடிதத்தில் ‘இணைத்த பிறகு’ என்ற சொற்கள் இல்லை; வெறும் ‘பன்னிரண்டு அங்குலம்’. பாதிப்பேர் பன்னிரண்டு, பாதிப்பேர் பன்னிரண்டரை. மேசையில் பரப்பினால் எந்த மூலையும் எதனோடும் சேரவில்லை.

“ஏன்டி நெஸ்டா, கடிதாசியில பாதியத் தின்னுட்டியா?” என்றாள் டெலித். அவள் வாய்க்குத் தையல் போட இதுவரை யாராலும் முடிந்ததில்லை.

நெஸ்டா எங்கள் செயலாளர், எழுபத்தொரு வயது. கடிதங்களை நான் எழுதிக் கொடுப்பேன். அவள் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு, என் தாளைத் திருப்பித் தருவாள்.

“அப்ப நான்தான் விட்டிருப்பேன். இப்பல்லாம் எது ஞாபகத்துல நிக்குது?”

“கெட்டிலக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுல வச்சவதானே நீ!”

எல்லோரும் சிரித்தார்கள். நெஸ்டாவும் சிரித்தாள். நானும்.

3

கண்ணாடி தேடிப் பைக்குள் கையை விட்டபோது, நான் கையால் எழுதிய அந்தக் கடிதம் அகப்பட்டது. ‘இணைத்த பிறகு’ அதிலேயே இல்லை. நெஸ்டா எதையும் விடவில்லை. என் எழுத்துப்பிழையைக்கூட அப்படியே தட்டியிருந்தாள்.

காலைத் தேநீர் வேளையில் அவள் சமையலறையில் பழரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மென்னா, உங்கிட்ட மட்டும் சொல்றேன். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. செயலாளர் வேலைய நாளைக்கே விட்டுடறேன்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லடி,” என்றேன். அதற்கு மேல் பேச முடியாமல் என் வாய் நிறையப் பழரொட்டி.

(பொய். வாய் காலியாகத்தான் இருந்தது.)

ஞாயிறு மதியம்வரை உட்கார்ந்து, தைத்ததைப் பிரித்தோம். போர்வை ஆகவில்லை. கிளம்பும்போது நெஸ்டா சங்கத்தின் குறிப்பேட்டை டெலித்திடம் நீட்டினாள்.

“எங்கிட்டயா? நான் என் புருஷனுக்கே ஒழுங்கா ஒரு கடிதாசி எழுதினதில்ல,” என்றாள் டெலித். ஆனால் வாங்கிக்கொண்டாள். நெஸ்டாவின் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு அது.

4

முடிவு, ஒன்று: அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று ஒப்புக்கொள்கிறேன். எல்லோரும் கை தட்டுகிறார்கள். (எனக்கா கைதட்டல்?)

முடிவு, இரண்டு: அந்தத் தாளை உறையில் போட்டு நெஸ்டாவுக்கு—

(வேண்டாம். கோழைத்தனத்துக்குத் தபால்தலை ஒட்டுகிறேன்.)

5

இது நடந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பேனாவை வைத்துவிட்டு அவளை ஃபோனில் கூப்பிட்டேன்.

“நெஸ்டா,” என்றேன்.

“இரு, இரு, பேரச் சொல்லாத! குரல வச்சு நானே கண்டுபிடிக்கிறேன். இப்பல்லாம் என்னை நானே சோதிச்சுப் பாத்துக்கறேன்.”

அவள் மூச்சு கேட்டது. எத்தனை வருடமாய்த் தெரிந்த குரல் என்னுடையது!

“மென்னா! சரிதானே?”

“சரிதான்டி.”

“பாத்தியா!” சின்னப்பிள்ளை போல அத்தனை சந்தோஷம்.

அடுத்த வாக்கியத்தை நான்கு விதமாக எழுதிவிட்டேன். நான்கும் என்னை நல்லவளாகக் காட்டுகின்றன. ஆகவே வாசகரே, இது உங்கள் பொறுப்பு. ஃபோனைப் பிடியுங்கள். சீக்கிரம். “என்னடி, சத்தத்தையே காணோம்?” என்கிறாள்.