பச்சைப் புகை

அன்றைக்கு அவள் கணவன் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தான். தோளில் எப்போதும் தொங்கும் துணிப்பையைக் காணோம். காலையில் போட்டுக்கொண்டு போன வேலைச் சட்டையும் உடம்பில் இல்லை, மடிப்புக்கூடக் கலையாத ஒரு புது பனியன் இருந்தது. வேலை போய்விட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

"இனிமே யூனிஃபார்ம் வீட்டுக்கு வராது. கம்பெனியிலயே துவைச்சுக்கணுமாம்," என்றான் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"ஏன், நான் துவைக்கிற லட்சணம் உங்க முதலாளிக்குப் பிடிக்கலையாமா?"

அவன் சிரிக்கவில்லை. மொக்கை ஜோக்குக்கும் முதல் ஆளாகச் சிரிக்கிற பிறவி அவன். அப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

அவன் எனாமல் பாத்திரக் கம்பெனியில் கலவைப் பிரிவில் எடை போடுகிறவன். இரும்பின் மேல் கண்ணாடிப் பூச்சு உரிந்து வராமல் கெட்டியாகப் பிடிப்பதற்கு அடிப்பூச்சில் ஒரு பொடி சேர்க்க வேண்டும். டிரம்மின் மேல் நிக்கல் ஆக்சைடு என்று எழுதியிருக்கும், அங்கே எல்லோருக்கும் அது வெறும் 'பச்சை'. மாவு மாதிரி நைசாக இருக்கும், வாசனை கிடையாது, தண்ணீரில் கரையவும் கரையாது. அந்தச் சட்டையை அப்படியே ஊறவைத்தால் பொடி வாளியின் அடியில் தங்கி மற்ற துணிகளிலும் அப்பிக்கொள்ளும். அதனால் காய்ந்த சட்டையை நன்றாக உதறிவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும் என்று கல்யாணமான புதிதில் அவனே சொல்லிக்கொடுத்திருந்தான். அவளும் பால்கனியில் நின்று உதறு உதறென்று உதறினாள்.

மகள் நடக்க ஆரம்பித்த பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. வீட்டில் அவளுக்கு 'வாலு' என்று பெயர், சும்மா வைத்த பெயர் இல்லை. சட்டையின் கைகள் இரண்டையும் வாலு பிடித்துக்கொள்வாள், கீழ்ப்பக்கத்தை அம்மா பிடிப்பாள். ஒண்ணு, ரெண்டு, மூணு! சாயங்கால வெயிலில் பொடி எழும்பும். "பச்சைப் புகை! பச்சைப் புகை!" என்று வாயைப் பிளந்துகொண்டு வாலு அதற்குள் புகுந்து ஓடுவாள். பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கும்.

"இன்னைக்கு ஒரு அதிகாரி வந்து படம் போட்டுக் காட்டினாரு," என்றான் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு. "பச்சையை ரொம்ப வருஷம் மூச்சுல இழுத்தா நுரையீரல்ல கேன்சர் வரலாமாம். மூக்குலயும் வருமாம். சில பேருக்கு மூச்சு இழுப்பு வருமாம்."

"உங்களுக்கு மாஸ்க் குடுக்குறாங்க," என்றாள் அவள்.

இருவரும் படுக்கையறைப் பக்கம் பார்த்தார்கள். உள்ளே வாலு பொம்மையை மிரட்டிக்கொண்டிருந்தாள்.

வாலுவுக்குப் போன வருஷம் இழுப்பு வந்தது. அதற்கு இவர்கள் தேடாத காரணம் இல்லை. தலையணையை மாற்றினார்கள், திரைச்சீலையைக் கழற்றினார்கள், பக்கத்து வீட்டுப் பூனையோடு பகை வளர்த்தார்கள். உங்க அக்கா சொத்து இது என்று அவளும், உன் சித்தப்பா சொத்து என்று அவனும் நாள்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டில் யாராவது புகை பிடிப்பார்களா என்று டாக்டர் கேட்டபோது, "எங்க வீட்ல அந்தப் பழக்கமே இல்லைங்க," என்று அவள் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

"நாளைக்கு வாலுவைக் காட்டப் போறோமே, டாக்டர்கிட்ட இதையெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காதே," என்றான்.

"ஏன்?"

"அவருதான் எங்க கம்பெனிக்கும் டாக்டர். சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனதே தப்புன்னு என் தலையில கட்டிடுவாங்க. வேலை போச்சுன்னா என்ன பண்றது?"

"கேட்டா மறைக்கச் சொல்றீங்களா?"

"கொஞ்சூண்டு தூசிதானே! நான் அதுலயே புரண்டு எழுந்திரிக்கிறவன். எனக்கு என்ன ஆயிடுச்சு?"

அவளுக்கு அதை நம்ப ஆசையாகத்தான் இருந்தது. இழுப்பு எதனாலும் வரலாம், பச்சையால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லையே. சொன்னால் சோற்றில் மண் விழும், சொல்லாவிட்டால் டாக்டர் பூனையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பார். அவள் ஈரத்துணியை எடுத்துவந்து ஜன்னல் விளிம்பைத் துடைத்தாள். தினமும் துடைக்கிற இடம்தான். துணியைத் திருப்பிப் பார்த்தாள், மங்கலாக ஒரு பச்சைக் கோடு இருந்தது. இன்னொரு முறை துடைத்தாள்.

"அம்மா, பிடி!"

பால்கனி வாசலில் வாலு நின்றாள். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த இன்னொரு வேலைச் சட்டையை இரண்டு பேருமே மறந்துவிட்டிருந்தார்கள். அதன் கைகளைத் தன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள், சட்டை அவள் முகத்துக்கு நேரே தொங்கியது. சத்தம் போடக் கூடாது என்று அம்மாவுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் அதைத்தான் முதலில் செய்வாள். எனவே முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு மெதுவாக அடியெடுத்து வைத்தாள்.

"அசையாம நில்லுடா செல்லம். அம்மா வாங்கிக்கிறேன்."

"நீ அந்தப் பக்கம் பிடி. நான்தான் எண்ணுவேன். ஒண்ணு..."

உதவிக்குக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். கண் சட்டையின் மேலேயே இருந்தது. கொஞ்சூண்டு தூசி என்று சொன்னவனின் கை, அவனுக்கே தெரியாமல் எழும்பி, மூக்கையும் வாயையும் இறுகப் பொத்தியிருந்தது.

"ரெண்டு..." என்றாள் வாலு, வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு.