அந்தரத்தில் நின்ற தொழிற்கூடம்

கூடலூருக்கு வடக்கே மேலக்குளத்துப்பட்டி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கூடம், 2022 நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, அஸ்திவாரத்தோடு தரையைவிட்டு எழும்பி ஆள் உயரத்துக்கு மேலே போய் நின்றது. சுவரில் விரிசல் இல்லை, சன்னல் கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. அன்று திராட்சைக்கு விலை ஏறியிருந்ததால் ஊரில் பாதிப்பேர் தோட்டத்தில் கிடந்தார்கள். மத்தியானம்தான் வந்து பார்த்தார்கள். அதைக் கட்டிய கொத்தனார் சுருளிராஜன் அடியில் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, உள்ளே இருந்த பாரம் நேற்றுப் போய்விட்டதல்லவா, அதுதான் என்றார். அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை.

பாரம் என்றால் இரும்பு கடையும் லேத்து, துளை போடும் மிஷின், வெல்டிங் செட்டு, பிரித்து மாட்டிப் பழக ஒரு டிராக்டர் என்ஜின். அவை வந்த கதை அங்கே படித்த பெனாசிருக்கு முழுதாகத் தெரியும். அவள் அத்தா ஷரீப், குமுளி மலைக்கு ஏலத்தோட்டத்து ஆட்களை ஜீப்பில் ஏற்றிப் போகிறவர். அந்த ஜீப்பின் பானட்டுக்குள் தலையை விட்டே வளர்ந்தவள் அவள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்கு. அம்மா கைருன்னிசா அறிவியல் பிரிவில் சேர்த்து நர்சு ஆக்க ஆசைப்பட்டாள். அந்தச் சமயத்தில் தொழிற்கல்வி ஆசிரியர் ஞானதுரை வீடு தேடி வந்தார். பிள்ளைகள் போதுமான அளவு சேர்ந்தால் பள்ளிக்கு நிதி வரும், நிதி வந்தால் மிஷின் வரும், படித்து முடித்ததும் கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கே வந்து ஆள் எடுப்பார்கள் என்று விளக்கினார். "பாய், ஒங்க பொண்ணு கைக்கு மிஷினு பேசும். ரெண்டு வருசம் எங்கிட்ட விடுங்க" என்றார். சார் வீடு தேடி வந்து சொல்றாக, பொய்யா சொல்லப்போறாக என்று ஷரீப் மனைவியை அடக்கிவிட்டார். பெனாசிர் சேர்ந்ததும் எண்ணிக்கை நிறைந்தது. அந்தப் பிள்ளைகளின் தலைகளைக் காட்டித்தான் நிதி வந்தது. திறப்பு விழாவில் அவளை லேத்துப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அதைத் தொட மட்டும் விடவில்லை, கரண்டு இணைப்பு வரட்டும் என்றார்கள்.

கரண்டு வருவதற்கு முன்னால் லாரி வந்தது. சர்வீசுக்குப் போகுது பாப்பா, திங்கக்கிழமை வந்துரும் என்றார் ஞானதுரை. காற்றில் பள்ளிக்கூடத்து வெளிக்கதவு திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தது. லாரியில் உரசாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் ஏறியதும் அவரும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அவளைத் தாண்டும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில்தான் கட்டடம் எழும்பியது.

திங்கட்கிழமை எதுவும் வரவில்லை. பிறகு ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்து, கீழிருந்தே பார்த்து, கட்டடம் நல்ல நிலையில் உள்ளது, தரை ஈரம் ஏறாது என்று சொல்லிப்போனார். மின்வாரியத்தில், மண்ணைத் தொடாத கட்டடத்துக்கு எர்த்துக் கொடுக்க வழியில்லை என்றார்கள். பிள்ளைகள் கட்டடத்தின் நிழலில் உட்கார்ந்து லேத்தின் படத்தை வரைந்து பழகினார்கள். செய்முறைத் தேர்வில் எல்லோருக்கும் மார்க்கு போட்டார்கள். கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கு வரவில்லை. தேனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பெனாசிர்தான் போனாள். அங்கே ஓர் இரும்புத்தண்டைக் கொடுத்து லேத்தில் மாட்டச் சொன்னார்கள். அவள் தண்டை வைத்துக்கொண்டு, மிஷினின் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நின்றாள்.

திரும்பி வராமல் நேரே ஞானதுரை மாறிப்போய் வேலை பார்த்த பள்ளிக்குப் போனாள். மாவட்டத்தின் மறுகோடியில், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த பெரிய பள்ளி. அவளுடைய லேத்து அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஞானதுரை அவளை மரத்தடிக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தார். அங்கன கொஞ்சம் பிள்ளைக, இங்கன முன்னூறு பேரு, மேலதிகாரிக கேட்டாக, கொடுத்துட்டேன் என்றார். பிறகு, தனக்கும் மாறுதல் தருவதாகச் சொன்னார்கள் என்றும், மகள் ஞானசெல்விக்கு இங்கேயே படிக்க இடம் கிடைத்ததென்றும் சொன்னார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார்" என்றாள் பெனாசிர். "கதவ ஏன் என்னயப் பிடிக்கச் சொன்னீக? வேற யாராச்சும் பிடிச்சிருக்கலாம்ல."

அவர் செல்போனை எடுத்துப் பார்த்தார். தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

கூடலூரில் வீரபாண்டி என்பவரின் வெல்டிங் பட்டறையில் சேர்ந்து, கண் எரிந்து, கை வெந்து வேலை கற்றுக்கொண்டாள். அடுத்த வருடம் தொழிற்கூடத்துக்கு மீண்டும் நிதி வந்தது. ஏறிப் போக ஏணி செய்வதற்கு. வேலை வீரபாண்டி பட்டறைக்குக் கிடைக்க, ஏணியைப் பற்றவைத்தது பெனாசிர். பொருத்தி முடித்ததும் முதல் ஆளாக அவளே ஏறினாள். உள்ளே தரையில் மிஷின்களைப் பிடித்திருந்த போல்ட்டுகள் மட்டும் துருப்பிடித்து நின்றன.

இறங்கியபோது தலைமையாசிரியை கஸ்தூரியம்மாள் கீழே பத்தாம் வகுப்புப் பெண்களை வரிசையாக உட்காரவைத்திருந்தார். "நீ இந்த குரூப்புல படிச்சவ. நாலு வார்த்த சொல்லு ஆத்தா. பிள்ளைக சேந்தா மறுபடியும் மிஷின் தர்றோம்னு சொல்றாக."

"மிஷினு யாருக்கு டீச்சர்?" என்று கேட்டாள் பெனாசிர்.

கஸ்தூரியம்மாள் கட்டடத்தின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தார். பெனாசிர் பெண்கள் பக்கம் திரும்பி, மேலே போல்ட்டுதான் இருக்கிறது, ஏறிப் பார்த்துவிட்டு அப்புறம் சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, வெல்டிங் வயரைச் சுருட்டத் தொடங்கினாள். பெண்கள் ஒவ்வொருவராக ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். அந்த வருடம் யாரும் சேரவில்லை.

கட்டடம் அங்கேயேதான் நிற்கிறது. மழைக்காலத்தில் அதன் அடியில் நெல் மூட்டை அடுக்குகிறார்கள். வெயிலுக்கு ஜீப்புகள் நிற்கின்றன. கம்பத்திலிருந்து வருகிறவர்கள் நடத்துநரிடம் 'தூக்குக் கட்டடம்' என்று சொன்னால் போதும், சரியான இடத்தில் இறக்கிவிடுவார்.