ஏழு கோல் அண்ணனும் ஒரு வார்ப்புருவும்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுவார்கள். அங்கே வேலை பார்க்கும் தங்கை பத்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மீதி இருபதையும் விக்கிப்பீடியாவில் எழுதக் கொடுத்துவிடுவாள். ஊர்க் கால்பந்து லீக்கின் பன்னிரண்டு வருடப் புள்ளிப் பட்டியலும் அவள் கைவண்ணம்தான். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டு மாரடிக்க அவளுக்கென்ன தலையெழுத்தா? எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு வார்ப்புரு, அதாவது டெம்ப்ளேட், எழுதி வைத்திருந்தாள். ஆட்ட முடிவுகளைக் கொடுத்தால் போதும். கூட்டல் கழித்தல், யார் மேலே யார் கீழே, எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பன்னிரண்டு பக்கங்களும் அந்த ஒன்றை நம்பித்தான் நின்றன.

இந்த வருடம் லீக்கில் விதி மாறியது. இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் இதுவரை கோல் வித்தியாசம் பார்த்தார்கள். இனி, அந்த இரண்டும் மோதிய ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்று பார்ப்பார்கள். ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் நடுவில் தங்கை வார்ப்புருவில் விதியை மாற்றிச் சேமித்துவிட்டு வேலைக்கு ஓடினாள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரக்காரிக்கு மட்டும் கூடவா இருக்கும்? புது விதி பழைய வருடங்களுக்கும் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணன் கோல்கீப்பர். கடைசி ஆட்டத்தில் வேறொரு அணியிடம் ஏழு கோல் விட்டான். புள்ளி சமம், கோல் வித்தியாசத்தில் கோப்பை கைநழுவியது. அன்று முதல் ஊரில் அவன் பெயர் ‘ஏழு’. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மைதானம் இருக்கும் தெருவையே விட்டுச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போவான்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் பழைய கையுறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனில் அந்த வருடப் பட்டியல். முதல் வரியில் அவன் அணி.

பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் விட்டுவிட்டால்தான் என்ன, யார் கேட்கப் போகிறார்கள்? இவன் முகத்தில் இப்படி ஒரு தெளிவைப் பார்த்து ஆறு வருடம் ஆகிறது. ஆனால் நடந்ததை நடந்தபடி வைக்கத்தானே தினமும் அந்த இருபது நிமிடம்.

“அண்ணா, அது என் தப்பு. புது விதி பழைய வருஷத்துக்கும் போயிடுச்சு. உங்க டீம் ரெண்டாவதுதான்.”

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும். அந்த வருஷத்து விதி தோத்தவனுக்குத் தெரியாதாடி?”

“அப்புறம் எதுக்குக் கையுறையை எடுத்தே?”

“எப்படி மேலே வந்தோம்னு தேடிப் பாத்தேன். கப் வாங்கினவங்களை நாங்க ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சிருக்கோம். கடைசி நிமிஷத்துல ஒரு பெனால்டியை நான்தான் பிடிச்சேன். அந்த ஏழு வந்து இதைச் சுத்தமா மறக்கடிச்சிடுச்சு.” கையுறையைக் கீழே வைத்தான். “சரி பண்ணிடு. பொய்யா முதல் எடத்துல நிக்க எனக்கு ஆசை இல்ல. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான்.”

தங்கை அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடிக்கணினியைத் திறந்து, எந்த வருடத்துக்கு எந்த விதி என்று சொல்ல வார்ப்புருவில் ஓர் இடம் சேர்த்தாள். சேமித்ததும் அண்ணன் அணி இரண்டாவது வரிக்கு இறங்கியது. அவன் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கையுறைகளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினான். அவளும் கூடவே போனாள்.

அங்கே ஆடிக்கொண்டிருந்தவர்கள் அவனைக் கோலில் நிறுத்தினார்கள். வந்த முதல் பந்தே அவன் கால்களுக்கு நடுவே புகுந்து வலைக்குள் விழுந்தது. “எட்டு” என்றது ஓரத்திலிருந்து ஒரு குரல். தங்கை அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

எல்லோருக்கும் முன்னால் சிரித்தது அண்ணன்தான். பந்தை எடுத்து உருட்டிவிட்டு, “அடுத்தது அடி” என்றான்.