அங்கமுத்துவுக்குப் பெரிய எழுத்து

பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். மச்சான் அங்கமுத்துவுக்கு அய்யாக்கண்ணு தரவேண்டிய கடன். மனைவி ஜெயசுதாவின் பிரசவத்துக்கு வாங்கியது. பிள்ளை நந்தினிக்கு இப்போது காது குத்தப் போகிறார்கள். வெட்கத்தில் மச்சானின் போனை எடுக்காமலே இருந்தான்; கடைசியில் அவரும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். வருவாரா, மாட்டாரா?

ஜெயங்கொண்டத்தில் பத்திரிகை அடிக்கும் கடை. கம்ப்யூட்டரில் லீலாவதி தட்டிக்கொண்டிருந்தாள். அய்யாக்கண்ணுவோடு லோடு ஏற்றும் வடக்கத்திப் பையன்களுக்காகப் பத்திரிகையின் பின்பக்கம் இங்கிலீஷ். முப்பது வயது தாண்டித் தமிழ் எழுதப் படிக்கக் கற்ற அய்யாக்கண்ணு, இங்கிலீஷ் எழுத்தைச் சுண்ணாம்புக்கல் லாரிகளின் நெற்றியில் பார்த்துக் கற்றவன். அங்கே எல்லாமே பெரிய எழுத்து.

"என்னம்மா, பாதி எழுத்து குட்டை குட்டையா நிக்குது?"

"எல்லாத்தையும் பெருசா போட்டா கத்துற மாதிரி இருக்கும்ணே. பேருக்கு மொத எழுத்து பெருசு. பேருக்கு முன்னால அங்கிள்னு ஒட்டி வந்தா அதுக்கும் பெருசு. சும்மா 'எங்க அங்கிள்'னா சின்னது."

"சொந்தம் கொண்டாடுனா மாமன் சின்ன ஆளா ஆயிடுவாரா?"

"வெள்ளைக்காரனத்தான் கேக்கணும்."

"டாக்டரு?"

"பேரோட வந்தா பெருசு. 'ஒரு டாக்டர் வந்தாரு'ன்னா சின்னது."

"அப்ப லோடுமேன் அய்யாக்கண்ணு?"

லீலாவதியின் விரல்கள் நின்றன. "பட்டத்துக்குத்தான்ணே பெருசு. வேலைக்குச் சின்னது."

"டாக்டரும் வேலைதானம்மா பாக்குறாரு?"

"அண்ணே, பின்னால ஆளு நிக்கிறாங்க."

மச்சான் பெயரோடு அங்கிள் என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னான். அதைப் பார்த்தால் மனம் இளகும் என்று பத்திரிகையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பார்த்துவிட்டதாக நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

ஜெயசுதா தலையில் அடித்துக்கொண்டாள். "தாய்மாமனுக்கு மொத பத்திரிகைய வெத்தலபாக்குத் தட்டோட நேர்ல வைக்கணும். செல்லுல அனுப்புவாங்களா? என் அண்ணன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

மறுநாள் காலை தட்டும் பிள்ளையுமாகப் பெரம்பலூர் போய், பஸ் மாறிச் செட்டிகுளத்தில் இறங்கினார்கள்.

அங்கமுத்து தட்டை வாங்கிக்கொண்டார். "எழுத்தெல்லாம் பெருசாத்தான் போட்ட. வூட்டுக்கு வழி தெரியலியா மாப்ள?"

"கடன் இருக்குல்ல மச்சான். குடுக்கத்தான் சேத்து வச்சேன். நீங்க வராட்டி என்ன பண்றதுன்னு அதுல புள்ளைக்குத் தோடு வாங்கிட்டேன்."

அங்கமுத்துவின் முகம் கறுத்தது. "தோடு மாமன் சீரு. யாரக் கேட்டு வாங்குன? எவ்ளோ?"

"பத்தொம்பதாயிரத்து எரநூறு."

விறுவிறுவென்று உள்ளே போனார். ஜெயசுதா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். திரும்பி வந்தவர் எழுநூறு ரூபாயை அய்யாக்கண்ணுவின் சட்டைப்பையில் திணித்தார்.

"கடன் போக மிச்சம் இந்தா. அது நான் எடுத்த தோடு. கணக்கு தீந்துச்சு. இனிமே போன எடு."