இருபத்தேழாம் தேதிக்குள்

மாமனாரின் தாடையை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மோனிஷா வலது கன்னத்தில் ரேசரை மெல்ல இறக்கினாள். கன்னம் உள்ளே ஒட்டிப்போயிருந்ததால் பிளேடு பள்ளத்தில் பிடிபடாமல் வழுக்கியது. அதைப் புரிந்துகொண்டவர்போல அவர் உள்ளிருந்து நாக்கால் கன்னத்தை முட்டிக் கொடுத்தார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

"பதினோரு மணிக்கு சாமியாரு வர்றாருங்க மாமா. அதுக்குள்ள முடிச்சிரலாம்."

இன்னாசிராஜ் கண்ணை மூடித் திறந்தார். சரி என்று அர்த்தம். மூன்று நாளாக அவர் பேச்சு அவ்வளவுதான். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தருமபுரி டாக்டர் சொல்லி எட்டு வாரம் ஆகிவிட்டது. கட்டிலைத் தெருக்கதவுக்கு நேராகப் போடச் சொன்னது இன்னாசிராஜ்தான். அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் டேங்க் தெரியும். பஞ்சாயத்தில் இருபத்திரண்டு வருடம் டேங்க் ஆபரேட்டராக இருந்து, ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்ட மனிதர். இப்போது அந்த வேலையை சவுரியப்பன் பார்க்கிறார்.

மோனிஷா நுரையைத் துணியில் துடைத்துவிட்டு மீசையோரத்துக்கு வந்தாள். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"வந்திருச்சா?"

அவள் கை நின்றது.

"என்னதுங்க மாமா?"

"ஒம்போது நாளா நீ போன எடுத்தே பாக்கறதில்ல."

ரேசரைத் தண்ணீரில் விட்டு அலசினாள். தேவைக்கு மேலேயே அலசினாள்.

போன வருடம் பிப்ரவரியில் கல்யாணம். ஜோ ஆஸ்திரேலியாவில் லாரி மெக்கானிக். லீவு முடிந்து அவன் கிளம்பியபோது கல்யாணமாகி இருபத்தாறு நாள். "மூணு மாசம், மிஞ்சிப்போனா ஆறு மாசம், விசா வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதை நம்பி அவள் இண்டூரில் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்று மாதம் போனது, ஆறு மாதம் போனது, கிறிஸ்துமஸ் போனது. கம்ப்யூட்டரில் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரி மட்டும் மாறாமல் இருந்தது. காலையில் கண் விழித்ததும் போனைப் பார்ப்பாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது பார்ப்பாள். பூசையில் நற்கருணை வாங்கிவிட்டு வந்து முழங்கால் போட்டபடியே முந்தானைக்குள் வைத்துப் பார்ப்பாள்.

ஊரில் கேட்காதவர்கள் இல்லை. மளிகைக் கடையில் ராணியம்மாள் மஞ்சள்தூள் பொட்டலத்தை நீட்டும்போதே கேட்பாள்: "இன்னும் வரலியா கண்ணு? உங்களுக்கப்புறம் கல்யாணம் பண்ணவங்கல்லாம் போயிட்டாங்களே." அதற்காகவே மோனிஷா கடைக்குப் போவதை நிறுத்தினாள். கேட்காத ஒரே ஆள் மாமனார்தான். எந்த வீதிக்குப் போனாலும் "இன்னைக்கு எப்ப தண்ணி விடுவ?" என்று வருடக்கணக்காகக் கேட்கப்பட்டவர் அவர். ஒகேனக்கலிலிருந்து வந்து சேராத தண்ணீருக்கு அவர் என்ன பதில் சொல்வார்? அதனாலோ என்னவோ, மருமகளிடம் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. கடைக்குப் போவதைத் தானே எடுத்துக்கொண்டார். மனைவி இறந்து பதினோரு வருடமாகத் தனக்குத் தானே சமைத்துச் சாப்பிட்டவர். அவள் தலைவலி என்று படுத்த அன்றெல்லாம் ராகிக் களி கிண்டி, கீரை கடைந்து, மூடி வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். முதல் இரண்டு மாதம் ஒருவரோடு ஒருவர் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அப்புறம் சாயங்காலம் சேர்ந்து டிவி பார்த்தார்கள். அப்புறம் சீரியலில் வரும் மாமியாரைச் சேர்ந்து திட்டினார்கள்.

விசாவுக்கு எடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு வருடம்தான் உயிர். அது காலாவதியாகி, இந்த மே மாதம் மறுபடி எடுக்கச் சொல்லி கடிதம் வந்தது. இருபத்தெட்டு நாளுக்குள் எடுத்தாக வேண்டும். சென்னையில் கிடைத்தது ஒரே தேதி. "தனியா என்னாத்துக்குப் போற, நான் வர்றன்" என்று மொரப்பூரில் அவளோடு ரயில் ஏறினார் இன்னாசிராஜ். வழியெல்லாம் இருமினார். தூசி என்றார். ஜூலையில் ஆஸ்பத்திரி ஃபைலைப் புரட்டும்போதுதான் மோனிஷா ஒரு சீட்டைப் பார்த்தாள். சென்னைக்குப் போன அதே தேதியில், அதே காலையில், தருமபுரியில் அவருக்கு நெஞ்சு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் போகவில்லை. ஸ்கேன் எடுத்தது ஐந்து வாரம் கழித்து. அந்த ஐந்து வாரத்தில் என்ன மாறியிருக்கும் என்று டாக்டரைக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சீட்டை இருந்த இடத்திலேயே மடித்து வைத்தாள்.

ஜூலையிலேயே ஜோ வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனான். கிளம்புவதற்கு முன்னால் அவனும் அவன் அக்கா வேளாங்கண்ணியும் முற்றத்தில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். விசா வந்ததும் மோனிஷா போய்விடுவாள். அப்பாவை அக்கா மொரப்பூருக்குக் கூட்டிப் போய்விடுவாள். நியாயமான ஏற்பாடுதான். கட்டிலில் படுத்திருந்த இன்னாசிராஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டேங்க் பக்கமிருந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதை மோனிஷா மட்டும் பார்த்தாள்.

இந்த மாதம் நாலாம் தேதி, அரிசி களைந்துகொண்டிருந்தபோது மெயில் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது. செப்டம்பர் இருபத்தேழுக்குள் அந்த நாட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும். போன வருடம் வாங்கிய போலீஸ் சான்றிதழுக்கு அன்றோடு ஒரு வருடம் முடிகிறது, அதுதான் கணக்கு. மோனிஷா மூன்று முறை படித்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்று கட்டிலைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் ஜோ கூப்பிட்டு, "எதாச்சும் வந்துச்சா?" என்றபோது, "இல்லீங்க" என்றாள். மறுநாளும் இல்லீங்க. அதற்கடுத்த நாளும்.

"மாமா, வந்திருச்சுங்க" என்றாள் இப்போது.

"எப்பக்குள்ள போவணும்?"

"இருவத்தேழுக்குள்ளங்க."

"இன்னைக்கு?"

"பதிமூணு."

அவர் கூரையைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. மனசுக்குள் கூட்டிக் கழிப்பது தெரிந்தது.

"ம். போதும்" என்றார். பிறகு, இன்னும் மழிக்காத இடது கன்னத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

பதினோரு மணிக்குச் சாமியார் வந்து நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். சவுரியப்பன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கைகட்டி நின்று ஜெபம் சொன்னார். போகும்போது மோனிஷாவைத் தனியாகக் கூப்பிட்டு, "மொரப்பூருக்கு போன் பண்ணிருங்க மா. கால் சில்லுனு இருக்குது" என்றார். அவள் போன் செய்தாள். வேளாங்கண்ணி அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்புவதாகச் சொன்னாள்.

மூன்று மணிக்கு மேல் மூச்சு விட்டு விட்டு வந்தது. மோனிஷா ஈரத்துணியால் உதட்டை நனைத்தாள். ஒரு மூச்சு வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அடுத்ததற்காக அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வரவில்லை. வெளியே தெருக்குழாயில் யாரோ குடத்தை மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து அவர் கண்களை மூடினாள்; வாயை மூட முடியாமல், தாடைக்கு ஒரு வெள்ளைத்துணியைக் கட்டினாள். அதற்குப் பிறகுதான் சவுரியப்பனைக் கூப்பிட்டாள்.

கோயிலில் துக்க மணி அடித்துக்கொண்டிருக்கும்போது வேளாங்கண்ணி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மணியை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தவள், கட்டிலில் விழுந்து அழுது ஓய்ந்தபின், அப்பாவின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"செரைச்சு வுட்டிருக்கிற."

"காலைலங்க அக்கா."

"பேசுனாரா?"

"ரெண்டு வார்த்தைங்க."

"என்னான்னு?"

"தேதி கேட்டாருங்க" என்றாள் மோனிஷா.

ஜோவிடம் சொல்வதற்கு மோனிஷா நாலைந்து வாக்கியம் யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை. போனில் "ஏங்க" என்று அவள் சொன்ன தொனியிலேயே அந்தப் பக்கம் ஸ்பேனர் எதுவோ கீழே விழுந்தது. அவன் வரும்வரை ஐஸ் பெட்டி வரவழைத்து உடலை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பதினைந்தாம் தேதி காலையில் பெங்களூரில் இறங்கி, ஓசூர் வழியாகக் காரில் வந்து சேர்ந்தான். சாயங்காலம் பூசை முடிந்து கல்லறைக்குக் கொண்டு போனார்கள். இடமும் வலமும் ஆட்கள் கூடிவிட, ஜோவுக்குப் பக்கத்தில் வேளாங்கண்ணியும், நாலு பேர் தள்ளி மோனிஷாவும் நின்றார்கள். எல்லோரையும்போல அவளும் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டாள். குழியோரம் நின்ற ராணியம்மாள் அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் வீட்டில் மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். ஜோ முற்றத்தில் உட்கார்ந்து போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். வேளாங்கண்ணி அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மோனி, அந்த ஆபீசுக்கு ஒரு மெயில் போடலாமா? அப்பா தவறிட்டாரு, நீ இங்க தனியா இருக்கிறன்னு எழுதுனா, கொஞ்சம் சீக்கிரமா குடுப்பாங்களோ என்னவோ."

மோனிஷா உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்தாள். அந்த மெயிலைத் திறந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, தூணோரம் நின்றாள். ஜோ படித்தான். மேலே தள்ளித் தேதியைப் பார்த்தான்.

"நாலாந்தேதி வந்திருக்குது."

"ஆமாங்க."

"நான் டெய்லி கேட்டனில்ல?"

"கேட்டீங்க."

"இருவத்தேழு தாண்டியிருந்தா? எல்லாம் மொதல்லருந்து. இன்னும் ரெண்டு வருசம். அது தெரியுமில்ல உனக்கு?"

"தெரியுங்க."

அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மடித்த சட்டையை மடியிலேயே வைத்தபடி வேளாங்கண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் இனி ஆரம்பிப்பாள் என்று மோனிஷா காத்திருந்தாள். எங்களை ஏமாற்றிவிட்டாய் என்று கேட்பதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

"சொல்லியிருந்தா நீ என்னடா பண்ணிருப்ப?" என்றாள் வேளாங்கண்ணி, தம்பியைப் பார்த்து.

ஜோ போனின் திரையை அணைத்தான்.

"நாலாந்தேதி சொல்லியிருந்தா அஞ்சாந்தேதி நான் கார் எடுத்தாந்திருப்பன். எங்க வூட்டு மாடிப்படிக்குக் கீழ இருக்கற ரூம்புல கொண்டு போய்ப் படுக்க வெச்சிருப்பன். அங்க ஜன்னல தொறந்தா பக்கத்து வூட்டு செவுரு." அவள் சட்டையின் காலரை நீவினாள். நீவின இடத்தையே மறுபடி நீவினாள். "டிக்கெட்டப் போடு. ஏழாம் நாள் பூசைக்கு இருந்துட்டு ரெண்டு பேரும் கெளம்புங்க. முப்பதாம் நாள நான் பாத்துக்கறன்."

ஜோ எழுந்து தெருவில் இறங்கினான். டேங்க் வரைக்கும் நடந்து போனான். அங்கே சவுரியப்பனோடு நின்று ஏதோ பேசுவது வாசலிலிருந்து தெரிந்தது. திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தான். "இருவத்தி மூணாந்தேதிக்கு ரெண்டு சீட்டு இருக்குது" என்றான். கொஞ்சம் தயங்கி, "ரொம்ப வலிச்சுதா அவருக்கு?" என்று கேட்டான்.

"கடைசி நாளு இல்லீங்க" என்றாள் மோனிஷா.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பாவின் கட்டிலில் சாய்ந்தவன், அப்படியே தூங்கிப்போனான். வந்ததிலிருந்து அவன் கண்ணை மூடவே இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மோனிஷா டீ போட்டாள். வடிகட்டி டம்ளரில் ஊற்றி, சர்க்கரை டப்பாவைத் திறந்து, கரண்டியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

ஒரு கரண்டியா, இரண்டா, இல்லை சர்க்கரையே போடாமல் குடிப்பானா? யோசித்துப் பார்த்தாள். அந்த இருபத்தாறு நாளும் வீடு நிறைய உறவுக்காரர்கள். யார் யாரோதான் டீ போட்டார்கள். ஜூலையில் வந்த இரண்டு வாரமும் அக்காதான் அடுப்படியில் நின்றாள். வேளாங்கண்ணி பின்பக்கம் துணி அலசும் சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்துக் கேட்டுவிடலாம். கேட்கவில்லை.

டம்ளரை ஒரு தட்டால் மூடி, சர்க்கரை டப்பாவையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் வைத்தாள். தானும் தரையில் சுவரோரமாக உட்கார்ந்து, அவன் எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தாள்.