இல்லாத குழந்தைக்குக் காய்ச்சல்

பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். பிறக்கப்போகிற குழந்தைக்கு டாக்டர் கிடைத்தபாடில்லை. எங்கள் டுலூத் நகரத்தில் குழந்தை டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை, என் மனைவி மாரிட்டுக்குத்தான் ஒருவரும் தேறவில்லை. முன்கூட்டியே போய்ப் பேசிப் பார்த்து, பிடித்தவரை முடிவு செய்துகொள்வது இங்கே எல்லோரும் செய்வதுதான். இவள் பார்த்ததில் ஒருவர் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தாராம். இன்னொருவர் கிளினிக்கில் மீன் தொட்டியில் ஒரு மீன் செத்து மிதந்ததாம்.

"மீனையே காப்பாத்தத் தெரியல," என்றாள்.

"அவரு என்ன மீன் டாக்டரா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மூத்தவன் ஆண்டர்ஸ் கைக்குழந்தையாக இருந்தபோது, மூச்சு வாங்குகிறது என்று பழைய டாக்டருக்குத் தினமும் போன் செய்தாள். "மொதக் குழந்தை இல்லையா, அப்படித்தான் பயமா இருக்கும்," என்று சொல்லியே வைத்துவிடுவார். கடைசியில் ஆம்புலன்ஸில் அள்ளிக்கொண்டு ஓடினோம். நிமோனியா. அவன் பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

கடைசியாகப் பார்த்தவர் டாக்டர் ஓக்கர்லண்ட். அறுபது வயது அம்மாள், பேச்சு குறைவு. எனக்குப் பிடித்துவிட்டது. மாரிட் வீடு வந்தும் நிலைகொள்ளாமல் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள்.

"நேர்ல எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க, டெல். கூப்பிட்டா வருவாங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் அவள் ஓக்கர்லண்டின் கிளினிக்குக்குப் போன் போட்டு, வேறு ஏதோ பெயர் சொல்லி, "பொறந்து மூணு வாரம். உடம்பு கொதிக்குது," என்கிறாள். வைத்த கையோடு டாக்டரே திரும்ப அழைத்துவிட்டார்; ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "மருந்து எதுவும் குடுக்காதீங்க. நேரா எமர்ஜென்சிக்கு வந்துடுங்க. நானும் கிளம்பிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உனக்கென்ன பைத்தியமா? வெளிய பனி கொட்டுது, அந்தம்மா வண்டிய எடுத்துட்டாங்க."

திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வேறு வழி? ஆண்டர்ஸையும் தூக்கிப் போட்டுக்கொண்டு நாங்களும் ஓடினோம்.

டாக்டர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தார். கோட்டுப் பொத்தான் மாறியிருந்தது, காலில் வீட்டுச் செருப்பு. "குழந்தை எங்க?"

மாரிட் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "காய்ச்சல் இல்ல டாக்டர். நீங்க வருவீங்களான்னு பாத்தேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "வழியில ரெண்டு தடவ வண்டி சறுக்குச்சு. நாளைக்கு நீங்க நிஜமாவே கூப்பிட்டா, பொய்யோன்னு ஒரு நிமிஷம் யோசிப்பேன். கைக்குழந்தை விஷயத்துல அந்த ஒரு நிமிஷம் போதும். வேற ஆளப் பாத்துக்குங்க."

"உண்மையச் சொன்னப்போ யாரும் வரல டாக்டர்." மாரிட் உடைந்து அழுதாள். "இவன் மூச்சுக்குத் தவிச்சான். தினமும் சொன்னேன். யாருமே நம்பல."

திரும்பி நடந்த டாக்டர் நின்றார். ஆண்டர்ஸைப் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, அவன் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"நல்லா இருக்கான்," என்றார். "சின்னது பொறந்ததும் சொல்லி அனுப்புங்க."

"இனிமே கூப்பிட்டா நம்புவீங்களா?" என்றாள் மாரிட்.

"மொதல்ல வருவேன். நம்பறதா வேணாமான்னு வந்தப்புறம் பாத்துக்கறேன்."