இடது தோளுக்குப் பதினேழு நாள்

1973ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஆறாம் திகதி, திங்கட்கிழமை, காலை ஆறே கால் மணி. வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை; சோளகக் காற்று புத்தூரின் செம்மண்ணை வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பராசக்தி தன் கணவனின் காக்கிக் காற்சட்டையின் ஒரு காலை முழங்காலுக்கு மேலே கத்தரித்து எடுத்தாள்.

"என்ரை உடுப்பை ஏன் வெட்டிறீர்? நான் இனிப் பஸ் ஓடமாட்டன் எண்டு தீர்மானிச்சாச்சோ?" என்று கட்டிலில் சாய்ந்திருந்த சீவரத்தினம் கேட்டார்.

"மற்றச் சோடியைத் தோய்ச்சு மடிச்சு வைச்சிருக்கிறன். அது வேலைக்கு. இது தோளுக்கு."

சீவரத்தினம் பதினெட்டு ஆண்டுகளாகப் பருத்தித்துறை வீதியில் பஸ் ஓட்டுபவர். ஆனி மாதத்தில் ஒரு நாள், கிழவர் ஒருவரின் கத்தரிக்காய்க் கடகத்தைப் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கொடுக்கப் போய், பின்பக்க ஏணியிலிருந்து இடது தோள் நிலத்தில் அடிபட விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் கை நெஞ்சுக்கு மேலே எழ மறுத்தது. இருபத்துமூன்றாம் திகதி மருத்துவச் சபைக்கு முன்னால் அந்தக் கையைத் தோளுக்கு நேரே நீட்டிப் பிடிக்கவேண்டும். இல்லையேல் நாற்பத்தொரு வயதில் ஓய்வு. காலையில் சூடும் மாலையில் குளிரும் கால் மணி நேரம் கொடுத்து, அதன்பின் கையைத் தூக்கிப் பழக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். அதற்கான றப்பர்ப் பை பட்டணத்து மருந்துக் கடைகளில் இல்லை. "உதெல்லாம் இப்ப கப்பலிலை வாறேல்லைத் தங்கச்சி" என்று கடைக்காரர் சிரித்தார். பராசக்தி சிரிக்கவில்லை.

காற்சட்டைக் காலின் ஒரு வாயைத் தைத்து, முதலில் வறுத்த உப்பை நிரப்பினாள். உப்பு வேர்வையை உறிஞ்சி மறுநாளே கட்டியாயிற்று. தவிடு தாச்சியில் கருகி வீடெல்லாம் மணத்தது. மூன்றாம் நாள் அவள் அரிசிப் பானையைத் திறந்தபோது சீவரத்தினம் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"சனம் கூப்பன் அரிசிக்கு வரிசையிலை நிக்குது. நீர் என்ரை தோளுக்குச் சோறு காய்ச்சிறீரோ?"

அதில் நியாயம் இருந்ததால் அவள் பானையை மூடினாள். கோது நீக்கி எறியாமல் வைத்திருந்த புளியங்கொட்டைகள் அதன் பின்னரே நினைவுக்கு வந்தன. கடுஞ்சூட்டில் அவை தோல் வெடித்தன; தேங்காய்ப் பொச்சுத் தணலில், அகப்பையை எடுக்காமல் கிளறினால் வெடிக்கவில்லை. சூட்டை நெடுநேரம் வைத்திருந்தன. தோளின் வளைவுக்கேற்ப உருண்டு படிந்தன. ஒவ்வொரு முறையும் பையை முதலில் தன் முன்கையில் வைத்துப் பார்த்தாள். அவளது முன்கையில் இரண்டு இடங்கள் சிவந்து கன்றியிருந்தன. அவருடைய தோளில் ஒன்றும் இல்லை.

குளிர்தான் சிக்கலாயிற்று. அவரோடு வேலை செய்யும் கொண்டக்டர் கனிசியஸ், குருநகரிலிருந்து மரத்தூளில் புதைத்த ஐஸ்கட்டியைச் சாக்கில் கொண்டுவந்தான். சாக்கு வாசற் படலையைத் தாண்டுமுன் சீவரத்தினம் மூக்கைச் சுருக்கினார்.

"நல்லூரிலை கொடியேறியிருக்கு. வீட்டிலை மச்சம் மாமிசம் இல்லை. மீன்பெட்டி ஐஸை என்ரை மேலிலை வைக்கேலாது."

"பதினெட்டு வருசம் மீன்கூடையளோடை பஸ் ஓடின உங்களுக்கு இப்பதான் மணக்குதோ, அண்ணை?"

"பஸ் வேறை, வீடு வேறை."

கனிசியஸ் பராசக்தியைப் பார்த்தான். நல்லூரில் திருவிழா முடிய இன்னும் மூன்று கிழமை இருந்தது. மருத்துவச் சபைக்கு இரண்டு கிழமைதான். அவள் பழைய சைக்கிள் டியூபில் இரண்டு முழம் வெட்டி, ஒரு முனையை மடித்து நூலால் வரிந்து கட்டினாள். கிணற்றுத் தண்ணீரை வார்த்து மறுமுனையையும் கட்டினாள். படலைக்கு வெளியே, வேம்பின் கீழ், ஓர் ஓட்டைப் பானையில் ஐஸையும் உப்பையும் போட்டு அதற்குள் டியூபைப் புதைத்தாள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் உறைந்து டியூப் உலக்கையாயிற்று. அதைத் தோளில் படியவைக்க முடியாது. டியூபை அவிழ்த்து, இம்முறை உள்ளே வார்த்த தண்ணீரிலும் இரண்டு பிடி உப்பைக் கரைத்தாள். அது உறையாமல், கூழைப்போலக் குழைந்து குளிர்ந்தது. வெளிப்புறத்தைக் கிணற்றடியில் மூன்று முறை கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஐஸ் வெளியிலை கிடக்கு. உங்களிலை படுறது எங்கடை கிணத்துத் தண்ணி."

"றப்பர்?"

"சைக்கிள் டியூப் மச்சமோ?"

அவர் சட்டையைக் கழற்றினார்.

அதன் பின்னர் நாள்தோறும் மாலை நாலு இருபது பஸ் ஒழுங்கை முகப்பில் அரை நிமிடம் கூடுதலாக நின்றது. கனிசியஸ் சாக்கை இறக்கி, மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போவான். கை முதலில் விரற்கடை அளவில் எழுந்தது. ஐந்தாம் நாள் எழவே இல்லை. அன்று சீவரத்தினம் பையை எறிந்தார். பராசக்தி நிலத்தில் சிதறிய கொட்டைகளைப் பொறுக்கி, மண்ணைப் புடைத்து நீக்கி, மறுபடி வறுத்தாள். அன்றும் கால் மணி நேரத்தில் ஒரு நிமிடமும் குறையவில்லை.

இருபத்துமூன்றாம் திகதி, வியாழக்கிழமை, பட்டணத்து ஆசுப்பத்திரியில் அவள் மூடிய கதவுக்கு வெளியே வாங்கில் இருந்தாள். உள்ளே ஒரு குரல் எண்ணிக்கொண்டிருந்தது. முப்பது, நாற்பது, ஐம்பது. ஐம்பத்திரண்டில் குரல் நின்றது.

அவர் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

"எத்தினை மட்டும் எண்ணவேணுமாம்?"

"அதை எனக்குச் சொல்லேல்லை. பெரிய டொக்குத்தர் கையெழுத்து வைக்கவேணும், இருக்கட்டாம்."

இரண்டரை மணியாயிற்று. எழுதுவினைஞர் சபையின் முடிவுக் கடிதத்துடன் கம்பி யன்னலுக்குப் பின்னாலிருந்து பெயரைக் கூப்பிட்டார். யன்னல் ஆளுயரத்தில் இருந்தது. சீவரத்தினத்தின் வலக்கையில் குடையும் மருந்துச் சீட்டுகளும் இருந்தன. அவர் அவற்றைக் கைமாற்றவில்லை, யோசிக்கவுமில்லை. இடது கை எழுந்து, தோளைக் கடந்து, கம்பிகளுக்கு நேரே நின்றது.

எழுதுவினைஞருக்கு அது பிடிக்கவில்லை. கடிதத்தைப் பாதி நீட்டியபடி நிறுத்தினார்.

"அரசாங்கக் கடிதம், காணும். வலக்கையாலை வாங்கும்."

பராசக்தி வாங்கிலிருந்து எழுந்துவிட்டாள். குடையை வாங்கக் கை நீட்டவில்லை. சீவரத்தினம் அவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். கை இறங்கவில்லை. பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. எழுதுவினைஞர் பெருமூச்சு விட்டு, ஒப்பத்தின் மை இன்னும் முற்றாகக் காயாத அந்தத் தாளைக் கம்பிகளுக்கிடையே நுழைத்து, உயர்ந்து நின்ற இடது கையில் வைத்தார்.